ஒன்பதாவது இன்னிங்ஸில் அப்பா பால்கனிக்குப் போய்விடுவார்

ஃப்ளஷிங், நியூயார்க்,
27-10-2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் இருப்பதுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புகிறாய். அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, அதற்காவது பயன் இருக்கட்டும் என்று காகிதத்தில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. வேளைக்குச் சாப்பிடு. ஆல்பனியில் இதற்குள் குளிர் ஆரம்பித்திருக்கும், அந்த ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா இல்லையா என்று வீட்டுக்காரரிடம் கேள்.

முந்தாநாள் இரவு பேஸ்பால் ஆட்டம் பார்த்தாயா? நாம் மெட்ஸ் கட்சி, ஊரின் இன்னோர் அணியான யாங்கீஸ் தோற்றால் நம் வீட்டில் யாரும் தலைமுழுகப் போவதில்லை. ஆனாலும் அவர்களுடைய பந்துவீச்சாளன் நெஸ்டர் கோர்டெஸின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கையில் காயம் பட்டு, செப்டம்பர் நடுவிலிருந்து ஓர் ஆட்டத்திலும் பந்து வீசாதவனைப் பத்தாவது இன்னிங்ஸில் உள்ளே அனுப்பினார்கள். முதல் பந்திலேயே டாட்ஜர்ஸின் ஒஹ்டானியை அவுட்டாக்கினான். அதை இனி யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? பெட்ஸை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, அடுத்த பந்தை வீசினான், ஃப்ரீமன் அடித்த அடியில் நான்கு ரன், ஆட்டம் முடிந்தது. இரண்டே பந்து. நேற்றுக் காலை மருந்துக்கடை வரிசையில் இரண்டு பேர் அவனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் இரத்த அழுத்த மாத்திரை. ஆட்டம் பார்க்காமல் இருந்தாலே அதில் பாதி தேவைப்படாது என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

ஆட்டத்தை முடித்துவைக்கக் கடைசியில் வந்து பந்து வீசும் நம் மெட்ஸ் டியாஸைப் பற்றி இதே ஊர் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. எண்களெல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான், சரிதானா பார். சியாட்டிலில் 2018-இல் 57 சேவ், அத்தனை ஆட்டத்தில் முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்தான். இங்கே வந்த முதல் வருடமே 58 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் கொடுத்தான். அந்த வருடம் மேல் தளத்தில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்தபோது அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான், அவ்வளவுதான், இன்னும் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை, அதற்குள் ஊ ஊ என்று கூச்சல் போட்டார்கள். "இன்னும் எறியவே இல்லையே, எதற்குக் கத்துகிறார்கள்?" என்று உன்னைக் கேட்டேன். "நேற்றையதற்கு அம்மா" என்றாய்.

அப்புறம் 2022. 62 இன்னிங்ஸில் 118 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். அவன் உள்ளே வரும்போது போடும் பாட்டில் டிரம்பெட் ஊதினால் போதும், முன்பு கத்திய அதே வாய்களெல்லாம் சேர்ந்து ஊதின. ஆகஸ்ட் கடைசியில் அந்த டிரம்பெட்காரரே நேரில் வந்து ஊதினாரே, அப்பா வாசலில் பொம்மை டிரம்பெட் வாங்கிக்கொண்டு வந்தார். அது இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது. மறு வசந்தத்தில் போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடி, ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தான். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. முழங்காலில் தசைநார் அறுந்தது. அவன் தம்பி அலெக்சிஸ் களத்திலேயே நின்று அழுதான். அந்த வருடம் முழுவதும் போயிற்று. சந்தோஷப்பட்டதற்கும் அவனைத் திட்டினார்கள், நம் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து.

இந்த வருடம் உனக்கே தெரியும். மயாமியில் நான்கு ரன் முன்னிலையைக் கொடுத்துவிட்டு வந்தான். கையில் பிசுக்கு இருக்கிறது என்று நடுவர் வெளியே அனுப்பி, பத்து ஆட்டம் தடை. அரிசோனாவில் காரல் அடித்த அந்த நான்கு ரன். உன் அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் பேசினார். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது வந்தால் அவர் பால்கனிக்குப் போய்விடுவது உனக்குத் தெரியும் அல்லவா? இப்போது அதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் முகத்தை வைத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறாராம். என் முகம் பொய் சொல்லாதாம். நீ போன் செய்த நாட்களிலும் சமையலறை வாசலில் வந்து இப்படித்தான் நிற்பார். இப்போது நிற்க வேலையில்லை.

சாப்பிடுகிறாயா? கடையில் வாங்கும் அந்தக் காய்ந்த ரொட்டி சாப்பாடு ஆகாது. ஒரு கைப்பிடி அரிசி, கொஞ்சம் பருப்பு, குக்கரில் வைத்தால் இருபது நிமிடம்.

செப்டம்பர் 30-ஐச் சொல்ல வேண்டும். அட்லாண்டாவில் பகல் ஆட்டம், ஜெயித்தால் பிளேஆஃப், அடுத்த சுற்றுக்கு இடம். எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் எடுத்து முன்னால் வந்தோம். டியாஸ் உள்ளே வந்தான். முதல் பேஸ் பக்கம் ஒரு தரைப்பந்து. ஓடிப்போய் பேஸில் நிற்க வேண்டியது அவன் வேலை. பள்ளிப் பையனுக்கும் தெரியும் அது. மரம் மாதிரி நின்றுவிட்டான். பிறகு அட்லாண்டாவின் ஆல்பீஸ் அடித்தான், மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள், முன்னிலை போயிற்று. அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்பதாவதில் நம் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் மறுபடி நமக்கு ஒரு ரன் முன்னிலை. இப்போது யார் போடுவது? நம் மேனேஜர் மென்டோசா டியாஸையே திரும்ப அனுப்பினார். முந்தின நாளும் வீசிய கை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். எனக்கு அந்தத் தொப்பிதான் நினைவிருக்கிறது. முடித்தான். 8–7.

ஒன்பது நாள் கழித்து நம் மைதானத்தில் பிலடெல்பியாவோடு இரண்டு பேரை நடக்கவிட்டு வயிற்றைக் கலக்கி, கடைசியில் அவர்களுடைய ஷ்வார்பரை டியாஸ் ஸ்ட்ரைக் அவுட் செய்தான். அன்று அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எழுத மாட்டேன். நான் பழமொழி சொன்னால் உனக்குப் பிடிக்காது. நீ கெட்டிக்காரன், அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் அக்கா பிறந்தநாளுக்குக்கூட நீ கூப்பிடவில்லை. அது சரியில்லை. அவள் என்ன செய்தாள் உன்னை?

இந்த வாரம் பரீட்சையில் தேறியவர்கள் பட்டியல் வந்தது. நான் பார்க்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். பார்த்தேன். நம் எழுத்தில் மேலும் கீழும் மூன்று தடவை போனேன். எழுத்துப் பிழையாக ஏற்றியிருப்பார்களோ என்று வேறு விதமாக எழுதியும் தேடினேன், அப்பா பெயரிலும் தேடினேன். பிறகு கணினியை மூடிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன், யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று.

போன நவம்பரில் கோவில் கேன்டீனில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. அந்த மாமி, பையன் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டதும், நீ என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாய், "அவன் இன்னும் எழுதவே இல்லை" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ தோசையில் ஒரு விள்ளல்தான் எடுத்திருந்தாய். தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு, மாடிப்படி ஏறி வெளியே பௌன் தெருவுக்குப் போய்விட்டாய். நான் எழுந்து வரவில்லை. மாமியோடு இன்னும் பத்து நிமிடம் மசாலா, காய்கறி விலை பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதம் இரவு பகலாகப் படித்து நீ எழுதியதை எழுதவே இல்லை என்று ஒரே சொல்லில் துடைத்துப் போட்டேன். மைதானத்தில் கத்துகிறவர்கள்கூட அவன் எறிந்தான் என்பதை ஒப்புக்கொண்டுதான் கத்துகிறார்கள். என் முகம் பொய் சொல்லாது என்று அப்பா நம்புகிறார், பாவம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆல்பனிக்கு நீ பெட்டி கட்டும்போது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் ஸ்வெட்டரைப் பற்றித்தான் பேசினேன்.

நேற்று அதே மாமி, அதே மேஜை, கேட்டார். "இரண்டு தடவை எழுதினான் மாமி, இரண்டு தடவையும் வரவில்லை" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது, அடுத்த மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். மாமி "அப்படியா" என்றார். பிறகு சட்னி தீர்ந்துவிட்டது என்று வாங்கப் போய்விட்டார். இதற்கா ஒரு வருடம்! உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அதற்கும் நீ கோபித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் மறுபடி எழுதுவாயோ, வேறு ஏதாவது செய்வாயோ, நான் கேட்கப் போவதில்லை. கேட்காமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

வியாழக்கிழமை தீபாவளி. மறுநாள் வெள்ளிக்கிழமை நகரப் பள்ளிகளுக்கெல்லாம் இந்த வருடம்தான் முதல் தடவையாகத் தீபாவளி விடுமுறை விட்டிருக்கிறார்கள். அக்கா குழந்தைகளோடு வருகிறாள். முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று. புதன்கிழமை சாயங்கால ரயிலில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அப்பா ஏழாம் எண் ரயில் நிலையத்தில் படிக்கட்டுக்கு மேலே நிற்பார், முழங்காலோடு கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு வா, பொத்தான் தைத்துத் தருகிறேன்.

அம்மா