கிண்ணியாப் பாதையும் ஏவற்சக்தியும்

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

ஒரு தாக்கத்தின் வெப்பவுள்ளுறை மாற்றத்தை, அதாவது அதில் வெளிவரும் அல்லது உள்ளெடுக்கப்படும் வெப்பத்தை, கணித்துவிட்ட பிறகு அதன் பொறிமுறையை, அதாவது அது படிப்படியாக நடக்கும் வழியை, ஏன் தனியாகப் படிக்க வேண்டும் என்று நீ பேராதனையிலிருந்து கேட்டிருந்தாய். அடுப்பு வாயுவில் உள்ள பியூட்டேன் ஒரு மூல் எரிந்தால் ஏறக்குறைய 2,880 கிலோயூல் வெப்பம் வெளிவரும்; ஆனாலும் தீக்குச்சி உரசும் வரை அது காற்றோடு கலந்தபடி சும்மா இருக்கும். எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, எந்த வழியால் எவ்வளவு விரைவாக என்பது வேறொரு கேள்வி.

நான் கிண்ணியாவில் படிப்பித்த நாட்களில் பாலம் இருக்கவில்லை. பேருந்தில் கரைவரை சென்று, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையான மிதப்புப் பாதைக்காகக் காத்திருந்து, அக்கரையில் மறுபடி வண்டி ஏறுவேன். அக்கரையில் எத்தனை பேருந்துகள் நின்றாலும் நான் பாடசாலை சேரும் நேரத்தைத் தீர்மானித்தது அந்த மிதப்புப் பாதை மட்டுமே. 2-புரோமோ-2-மெதைல்புரொப்பேன் என்ற சேர்வை நீர்ப்பகுப்படையும்போது, அதாவது அதன் புரோமீன் விலகி அவ்விடத்தில் ஐதரொட்சைட்டு சேரும்போது, நடப்பதும் இதுதான்: காபன்–புரோமீன் பிணைப்பு அறுந்து, காபனில் நேரேற்றமுள்ள காபோகற்றயன் தோன்றும் முதற்படியே மெதுவானது, ஐதரொட்சைட்டு அதற்குப் பின்னரே வந்து சேர்கிறது, ஆகையால் அதன் செறிவை இருமடங்காக்கினாலும் வீதம் மாறாது. தாக்கம் நடக்க நடக்கச் சக்தி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபில் அந்தக் காபோகற்றயன் இரு மேடுகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் இருக்கும். மேட்டின் உச்சியில் இருப்பதோ பாதி அறுந்த பிணைப்பு, அதை ஒருபோதும் பிரித்தெடுக்க முடியாது. இவ்விரண்டையும் ஒன்றென்று எழுதிப் புள்ளிகளை இழந்த நல்ல பிள்ளைகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன். நீ அந்தத் தவறைச் செய்யாதே.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது திருகோணமலையும் கிண்ணியாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடைவழி மட்டும் மாறியது. தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கியும் அவ்வாறே. எதீனுடன் ஐதரசன் சேரும்போது மூலுக்கு 137 கிலோயூல் வெளிவருவது நிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஏவற்சக்தி, அதாவது தாக்கம் தொடங்க ஏறவேண்டிய மேடு, குறைந்த வேறொரு வழியை நிக்கல் திறந்துவிடுகிறது.

இனி நீயே ஒன்றைச் செய்து பார். மெதேனின் ஒரு காபன்–ஐதரசன் பிணைப்பை அறுக்க 439 கிலோயூல் வேண்டும். குளோரீன் மூலிகம், அதாவது சோடியில்லா இலத்திரனுள்ள தனிக் குளோரீன் அணு, அந்த ஐதரசனைப் பறித்தால் 431 திரும்பக் கிடைக்கும், ஆக அந்தப் படிக்கு வெறும் 8 தான் குறைகிறது. புரோமீனுக்குக் கிடைப்பது 366, அயடீனுக்கோ 298 மட்டுமே. மூன்றுக்கும் சக்தி வரைபை ஒரே தாளில், ஒரே அளவிடையில் வரைந்து, மெதேன் ஏன் அயடீனுடன் இவ்வாறு தாக்கமடைவதில்லை என்பதை உன் சொற்களில் எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்பு. சிவப்புப் பேனை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா