நான்கு சிப்பம் அரிசிக்கு இன்னும் ஏன் விசாரணை?

மேட்டூர் வட்டத்து மலையடிவாரச் சோதனைச் சாவடிகளுக்குப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 18.10.2004 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனின் உடல் மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டதோடு, கொளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் சீருடைக்கும் இடையே இருந்த பகை தீர்ந்தது என்றார்கள், நாங்களும் நம்பினோம். அப்படியிருக்க, போன மாதம் பேரனின் காதுகுத்துக்காகச் சரக்கு ஆட்டோவில் நான்கு சிப்பம் அரிசி ஏற்றி வந்த என் அத்தையை ஒரு சாவடியில் நிறுத்தி, "இவ்வளவு அரிசி யாருக்கு?" என்று கேட்டது எந்தக் காலத்துக் கேள்வி என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்ட காவலருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கூடுதலாக ஒரு படி அரிசி வாங்கினாலும் காட்டுக்குள் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று அதட்டிய, வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைக் காலத்தை அவர் பார்த்தவரல்லர். சாவடிச் சாவியோடு சேர்த்து அந்தச் சந்தேகத்தையும் மூத்தவர்களிடமிருந்து பெற்றிருக்கிறார். அத்தையோ, யாரும் கேட்காமலே குடும்ப அட்டையையும் காதுகுத்துப் பத்திரிகையையும் எடுத்து நீட்டி, "எங்களுக்குத்தான் சாமி, விசேஷத்துக்கு" என்று கும்பிட்டிருக்கிறார். அவர் பெயரும் சிப்பக் கணக்கும் நோட்டில் ஏறிய பிறகே வண்டி நகர்ந்தது. விசேஷத்தன்று பந்தியில் சோறு மிஞ்சியபோது, அதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு யாரும் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது என்று அத்தை போட்ட உத்தரவைக் கேட்டு இளையவர்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

சீருடை அணிந்தவர்களின் இழப்பை நாங்கள் மறந்துவிடவில்லை. 1991இல் கர்நாடக வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டதும், 1993 ஏப்ரலில் பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டதும் எங்களுக்கும் தெரியும். விசாரணை என்ற பெயரில் எங்கள் மக்கள் வதைபட்டதை நீதிபதி சதாசிவா குழு விசாரித்ததும், 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தர 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்ததும் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, சாவடியில் இன்னொரு நோட்டு எதற்கு?

ஜீப் சத்தம் கேட்டாலே எங்கள் பெரியவர்களின் கை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடப் போகிறது. ஆகவே பழக்கம் உடனே போகாது என்பது எங்களுக்கும் புரியும். ஆனால் வெளியூர்ப் பதிவெண் கொண்ட கார்கள் பெட்டி பெட்டியாகத் தீனியோடு கேள்வியின்றிப் போகும் அதே சாவடியில், உள்ளூர்க்காரரின் அரிசிக்கு மட்டும் கணக்குக் கேட்பதை எந்தப் பழக்கத்தில் சேர்ப்பது? இன்று காட்டுக்குள் யாரேனும் எங்கள் அரிசிக்காகக் காத்திருந்தால், அது யானையாகத்தான் இருக்கும். அதற்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை, அதுவே வந்து எடுத்துக்கொள்கிறது.

மரக்கடத்தலையும் வேட்டையையும் தடுக்கத் தாங்கள் செய்யும் சோதனைக்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. வீட்டுச் சாமானுக்குக் கணக்குக் கேட்பதையும், அதை நோட்டில் எழுதுவதையும் நிறுத்தும்படி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும் என்பதே கோரிக்கை. ஆடிப் பண்டிகைக்கு ஊரே அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வரும் என்பதால், அதற்கு முன்பே அவ்வுத்தரவு சாவடிகளைச் சென்றடையுமாறு செய்யத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொளத்தூர் ஒன்றியத்து மலையடிவாரக் கிராமத்தான் ஒருவன்