பத்தாவது ஊசி

20.10.2021

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மருமகப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். ஆற்றில் நல்ல தண்ணீர். பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவத் தொடங்கிவிட்டார்கள்.

ஆச்சிக்குக் கொரோனா தடுப்பூசி போட்ட செய்தி 12ஆம் தேதி மத்தியானமே உன் போனுக்கு வந்துவிட்டது. உடனே கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாய். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னாய்: "ஜூன் மாதமே போட்டிருக்கலாம், ஆச்சியின் பிடிவாதத்தால் நான்கு மாதம் பயந்துகொண்டே கிடந்தோம்" என்று. அதற்குப் பதில் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. ஆச்சி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் போன் பேச இந்த வீட்டில் இடம் ஏது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூனில் நடந்ததை அப்பா உன்னிடம் "ஆச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும்.

நீ பாளையங்கோட்டையில் ஊசிக்கு நேரம் பிடித்துக் கொடுத்தது சின்னக் காரியம் இல்லை. ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து, திறந்ததும் தீர்ந்துபோகிற இடங்களுக்கு நடுவே ஒன்றைப் பிடித்தாய். நம் தெருவிலேயே மூன்று வீட்டில் சாவு விழுந்திருந்த நேரம் அது. உனக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. அப்பா காருக்குச் சொல்லி வைத்தார். ஊசி போடுவது மாடியில் என்பது முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. லிப்ட் கிடையாது. காரில் உட்காரவைத்தே போட முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது, ஆளை மேலே கொண்டுவாருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் கூட வருவதாகவும், நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றும் சொன்னார்கள். நாங்களும் சரி என்றோம். ஆச்சியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி ஆச்சி ரசம் சாதத்தை ஒதுக்கிவிட்டார்கள். காலையில் காப்பியும் வேண்டாம் என்றார்கள். தலைமாட்டில் செம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சேலை கட்டிவிடும்போது பார்க்கிறேன், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. "ஒரு வாய் தண்ணீராவது குடியுங்கள் அத்தை, மயக்கம் வந்துவிடும்" என்றேன். அப்போதுதான் என் காதோடு சொன்னார்கள்: "போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அங்கே எத்தனை நேரமோ. நடுவில் வந்துவிட்டால் என்னை எங்கே உட்காரவைப்பாய்? அந்தப் பையன்கள் முன்னாலா?"

வீட்டில் கட்டிலுக்கும் மூத்திரம் போக ஓட்டை போட்ட நாற்காலிக்கும் நடுவே நான்கு அடி தூரம். அந்த நான்கு அடிக்கே வாக்கரும் வேண்டும், என் தோளும் வேண்டும். 2019இல் இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்ததிலிருந்து பட்டாசல் கூடமும் தார்சா வராந்தாவும்தான் ஆச்சிக்கு ஊர் உலகம் எல்லாம். எனக்கு இது தெரியாததா? தினமும் நான்தானே குளிப்பாட்டுகிறேன். தெரிந்தும் எனக்கு அன்று அந்த யோசனை வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனது பிசைகிறது.

நம் வாசலில் கல்படி மூன்று. பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாவது படியில் முன்னால் பிடித்திருந்தவனுக்குக் கால் இடறி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் ஆச்சி கையை நீட்டித் தார்சாத் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். ஐம்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள் மகளே அவை. ரேகை தேய்ந்துபோய், பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கப் போனால் இயந்திரம் ஏற்காத விரல்கள். அவை தூணைப் பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "என்னை விட்டுவிடுங்கள்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்கள், சத்தமே இல்லாமல். காரைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். அப்பா சொல்லவில்லை, ஆச்சியும் சொல்லவில்லை. உனக்குக் கோபம் இருந்தால் என்மேல் கோபப்படு. ஆச்சியைப் பிடிவாதக்காரி என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

அதன் பிறகு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பர் 12இல் தமிழ்நாடு முழுவதும் பெரிய முகாம் நடத்தினார்களே, அன்று நம் பள்ளிக்கூடத்திலும் போட்டார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கேயும் படி ஏற வேண்டும்.

வழி காட்டியது மாத்திரை கொண்டுவருகிற பெண். மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆகஸ்டில் அரசாங்கம் ஆரம்பித்த திட்டத்தில், ஆச்சிக்கு இரத்த அழுத்த மாத்திரையை அவள்தான் வீட்டுக்கே வந்து கொடுக்கிறாள். "மாத்திரை வருகிற வாசலுக்கு ஊசி வராதா?" என்று அவளிடம் கேட்டேன். நர்ஸம்மாவிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னாள். சொன்னபடி செய்தும் வைத்தாள். செப்டம்பர் 23ஆம் தேதி, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே போடலாம் என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றேன்.

நர்ஸம்மா தங்கமான மனுஷி. முடியாது என்று சொல்லவில்லை, ஒரு கணக்கைச் சொன்னார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து, ஆளுக்கு அரை மில்லி. குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும். "ஒரு ஆச்சிக்காக ஒன்பது பேருடைய பங்கைக் கொட்ட எனக்கு மனது வராது. பத்துப் பேரைச் சேர்த்து வையுங்கள், நானே வருகிறேன்" என்றார்.

பத்துப் பேருக்கு எங்கே போவது என்று மலைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வாக்கப்பட்டு வந்து முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்த வீட்டில் இன்னார் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றுதான் நினைத்திருந்தேன். தெரியவில்லை, மகளே. கீழத்தெருவில் வாதம் விழுந்து ஏழு வருடமாகப் படுத்திருக்கிறவர் ஒருவர். பனையிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர் ஒருவர். எனக்குத் தம்பி வயதுதான் இருக்கும். இரண்டு கண்ணும் தெரியாத ஓர் அக்கா. ஒரு வீட்டில், அப்படி இங்கே யாரும் இல்லை என்று வாசலிலேயே சொன்னார்கள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டு, மறுநாள் மறுபடி போனேன். அன்றைக்கு உள்ளே விட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, படுத்திருக்கிறவரிடமே கேட்டேன். ஜூனில் பட்டது போதும் என்று இருந்தது. ஊசிக்குப் பயந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு எல்லாம் ஆச்சிக்கு இருந்த அதே கவலை: படி, மூத்திரம், தெருவார் பார்வை. ஆச்சியோடு சேர்த்து எட்டுப் பேர் தேறினார்கள். மீதி இரண்டு இடத்துக்கு நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாதம் விழுந்தவரின் மனைவியும், கண் தெரியாத அக்காவின் தங்கையும் அதுவரை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஆளைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வரிசையில் போய் நிற்பது என்று கேட்டார்கள்.

அக்டோபர் 6ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். அது முடியட்டும் என்று நர்ஸம்மா 12ஆம் தேதி வந்தார். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. தோளில் நீலப் பெட்டி, அதற்குள் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவில் மருந்து. கூடவே பதிவு எழுத ஒரு பெண். குப்பியைத் திறந்ததும் அதன்மேல் நேரத்தை எழுதினார், 10.20. நான் தெருவாரியாக எழுதி வைத்திருந்த வரிசைப்படி கிளம்பினோம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் பதிவு எழுதும் பெண் ஒரு வீட்டில் இருப்பாள், நர்ஸம்மா அடுத்த வீட்டுக்குப் போவார். நான் இரண்டு பக்கமும் ஓடினேன். முழங்கால் வலி அன்று ஒருநாள் எங்கே போனது என்றே தெரியவில்லை.

வரிசையில் முதலில் ஆச்சியைத்தான் எழுதியிருந்தேன். "எல்லோருக்கும் போட்டுவிட்டு வரட்டும், நான் கடைசி" என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

நம் வீட்டுக்கு வரும்போது மணி 12.50. நர்ஸம்மா குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஊசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அரை மில்லி முழுதாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் மூச்சே நின்றுவிட்டது. இத்தனை வீடு ஏறி இறங்கி, நம் ஆச்சிக்குக் குறைந்துவிட்டால்? அவர் ஊசியை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். காற்றுக் குமிழி மேலே ஏறியது. "சரியாக இருக்கிறது" என்றார்.

வாக்கரை அழுத்திப் பிடிப்பது வலது கையில் என்பதால் இடது கையில் போடச் சொன்னேன். ஜாக்கெட் கையை ஏற்றிவிட்டபோது அந்த இரண்டு வட்டத் தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் நீ விரல் வைத்து விளையாடுவாயே, அவைதான். நர்ஸம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மை குத்தினதா ஆச்சி?" என்று கேட்டார். ஆச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். ஆச்சியை அவருடைய அப்பா தூக்கி வந்து திண்ணையில் உட்காரவைத்தாராம். "அப்போதும் நம் திண்ணைக்குத்தான் வந்தார்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. எனக்கும் அந்தத் தழும்பு ஒன்று இருக்கிறது. உனக்கு இருப்பது காசநோய் ஊசியின் தழும்பு. 1977இல் நம் நாட்டில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள், பிறகு அம்மை குத்துவதே நின்றுபோயிற்று.

நர்ஸம்மாவுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆச்சியும் ஒரு தம்ளர் குடித்தார்கள், ஊசிக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரும் குடித்திருந்தார்கள். நான்கு அடியில் நாற்காலி இருக்கும்போது என்ன பயம்?

நீ பதிவு செய்து வைத்ததும் வீணாகவில்லை. உன் எண்ணைச் சொன்னதும் ஆச்சியின் பெயர் வந்துவிட்டது, ஆதாரைக் காட்டியதோடு வேலை முடிந்தது.

அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது. மாத்திரையும் உளுந்தங்கஞ்சியும் கொடுத்தேன், விடிவதற்குள் இறங்கிவிட்டது. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. இடது கை வலியில் இரண்டு நாள் வாக்கரைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி மூன்று தடவை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். அப்பாவுக்கும் அறுபத்திரண்டு ஆகிவிட்டது.

அடுத்த ஊசிக்கு 84 நாள் இடைவெளி. எண்ணிப் பார்த்தால் ஜனவரி 4ஆம் தேதி வருகிறது. பொங்கலுக்கு எப்படியும் வரத்தானே போகிறாய், பத்து நாள் முன்பே வர முடியுமா? நீ வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறாய், அதை இந்த வீட்டிலிருந்து பார். பகலில் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ராத்திரிக்கு ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேரின் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவர்களுக்கும் அன்றைக்குத்தான்.

சக்கர நாற்காலி வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்றாய். வாங்கலாம். ஆனால் படி இருக்கும்வரை நாற்காலி தார்சாவைத் தாண்டாது. கொத்தனாரைக் கூப்பிட்டு அப்பா பேசினார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம் போட்டால்தான் தள்ளுகிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவருக்கும் பயம் இருக்காது என்கிறார். நம் படி ஒன்றரை அடி, அதற்குப் பதினெட்டு அடி வேண்டும். தெருப்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. புறவாசலில் தொழுவம் இருந்த இடம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே தாராளமாகப் போடலாம்.

இந்தத் தடவை ஆச்சியிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். புறவாசல்தான் நல்லது என்றார்கள். அந்த வழியாகப் போனால் யார் வாசலையும் தாண்டாமல் ஆற்றுக்குப் போய்விடலாமாம். ஆற்றைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்றார்கள்.

டிக்கெட் எடுத்ததும் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா

பின்குறிப்பு: ஊசி போட்ட சான்றிதழை அங்கே அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. ஆச்சி அதைப் பென்ஷன் புத்தகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.