கறிவேப்பிலைக்குப் போட்ட அடைப்புக்குறி

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பதிவேட்டின் முதல் பன்னிரண்டு பக்கங்களும் வந்து பத்து நாளாகிறது. மிளகு பறிக்க ஆள் தேடி அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. முந்தின வாரம் பெய்த மழைக்குக் காப்பி பூத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. அந்த வாசனை வந்தாலே, கல்லூரி நாட்களில் நீ சேலத்தில் கடைசி பஸ்ஸைப் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்து இதே திண்ணையில் உட்கார்ந்தது ஞாபகம் வருகிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி சுகம்.

சரி, பதிவேட்டுக்கு வருகிறேன். ஊரில் உள்ள செடி, பிராணிகளையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் தொகுக்கிற உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு உன்னை எழுதச் சொன்னார்கள் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊரில் வழங்கும் பெயர், அதை யார் சொன்னார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் எல்லாம் அருமையாக வந்திருக்கிறது. அறிவியல் பெயரில்தான் கொஞ்சம் கை வைக்க வேண்டும். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். பேரினப் பெயருக்கு முதல் எழுத்து பெரியது. சிற்றினப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து, ஆள்பெயரிலிருந்து வந்ததாக இருந்தாலும்கூட. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் அடிக்கோடு. இந்தக் கடிதத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுகிறேன், ஆனால் பதிவேட்டில் இலத்தீன் எழுத்தும் கட்டாயம் இருக்கட்டும், தமிழில் எழுதியதைப் பார்த்து மூல எழுத்துக்கூட்டலைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் திருத்திவிடலாம். பெயர் சூட்டியவரின் பெயரை எல்லா வரியிலும் விட்டுவிட்டு, "யார் வைத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் வீட்டுக் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலையையே எடுத்துக்கொள். இந்த இரட்டைச் சொல் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், தென்னாட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர். அவர் பெயரையே வைத்து லின்னேயஸ் இதற்கு பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். பின்னால் ஸ்பிரெங்கல் என்பவர் இது முராயா பேரினத்தில் சேரவேண்டியது என்று மாற்றினார். அப்படி மாற்றும்போது கோனிகி என்ற பின்பாதி கூடவே போகும், முதலில் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போவார், மாற்றியவர் வெளியே நிற்பார். அதனால்தான் முராயா கோனிகி என்று எழுதிய இடத்திலெல்லாம் லின்னேயஸின் 'எல்' அடைப்புக்குறிக்குள்ளும் ஸ்பிரெங்கலின் சுருக்கம் வெளியேயும் இருக்கின்றன. இப்போது மரபணுவைப் பார்த்த பிறகு பலர் இதைப் பழையபடி பெர்கெராவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பிரெங்கலும் போனார், அடைப்புக்குறியும் போயிற்று, வெறும் 'எல்' மட்டும் மிச்சம். அந்தச் சின்னக் குறி ஒன்றைப் பார்த்தாலே இந்தச் செடி வீடு மாறியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது, அதைப் போய் விடலாமா?

வேம்பு இன்னொரு மாதிரி. லின்னேயஸ் 1753இல் அதை மீலியா அசாடிராக்டா என்றார். பிறகு அதற்கென்றே அசாடிராக்டா என்ற பேரினம் வந்தபோது பின்பாதியை அப்படியே கொண்டுபோனால் அசாடிராக்டா அசாடிராக்டா என்றாகிவிடும். தாவரங்களுக்கான விதியில் ஒரே சொல் இரண்டு முறை வரக்கூடாது. அதனால் 1830இல் ஜூஸ்ஸியூ என்ற தாவரவியலாளர் வைத்த அசாடிராக்டா இண்டிகாதான் நிற்கிறது, லின்னேயஸுக்கு அதில் இடமில்லை. விலங்குகளுக்கு அந்தத் தடை கிடையாது, நல்ல பாம்பு நாஜா நாஜாதான். ஆக, செடிப் பக்கத்துக்கும் பிராணிப் பக்கத்துக்கும் தனித்தனிச் சட்டம் என்பதை மனதில் வைத்துக்கொள்.

பிராணிகளுக்குப் பெயர் வைத்தவரோடு வைத்த ஆண்டையும் சேர்த்து எழுது. நம் ஏற்காட்டின் பெயரையே சுமக்கிற பல்லி, நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ், தாஸ் மற்றும் பாவர், 2000. அடைப்புக்குறி இல்லை, வைத்த பேரினத்திலேயே இருக்கிறது. சேர்வராயன் மலைக்கே உரிய, மண்ணுக்குள் வாழும் பாம்பு ஒன்று இருக்கிறது, யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. அதற்கு பெடோம் என்ற பெயரும் 1863 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள், ஏனென்றால் அவர் முதலில் சிலிபுரா என்ற பேரினத்தில்தான் வைத்தார். விலங்குகளில் மாற்றியவர் பெயரை எழுதுவது வழக்கமில்லை. இந்தப் பாம்பை இடையில் வேறொரு இனத்தோடு சேர்த்து மறந்தேவிட்டார்கள், பிறகு ஆராய்ந்து பார்த்து மீட்டார்கள். பழைய பெயரும் கிடைத்த இடமும் எழுதி வைத்திருந்ததால்தானே அது முடிந்தது! அதனால் பெயர் மாறினால் பழையதை அடித்துவிடாதே, பக்கத்தில் இணைப்பெயராக, அதாவது அதே உயிருக்கான இன்னொரு பெயராக, விட்டுவை.

என் கதையையும் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன் நான் மலையடிவாரத்தில் சுற்றி எழுதிய நோட்டில் 'கருங்காலி, ஓடைக்கரை, ஏழு மரம்' என்று ஒரு வரி இருக்கிறது. கருங்காலி என்று டயோஸ்பைரோஸ் எபெனத்தையும் சொல்வார்கள், அகேசியா வகை முள்மரத்தையும் சொல்வார்கள். நான் பார்த்தது எது? ஓர் இலையைக்கூட எடுத்து வைக்கவில்லை. ஓடைக்கரையில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. அந்த ஏழு மரத்தை நினைத்தால் இன்னும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் மூன்று செடிகளுக்கு எதிரே எதையோ பார்த்து முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாய், ஆனால் பூவைப் பார்க்கவில்லை என்று நீயே குறித்திருக்கிறாய். அப்படியானால் பேரினத்தோடு நிறுத்தி, சிற்றினம் தெரியவில்லை என்பதற்கான 'எஸ்பி.' போடு, அதற்குச் சாய்வெழுத்து வேண்டாம். தப்பான முழுப் பெயரைவிட அது எவ்வளவோ மேல். அப்புறம் உன் மல்கோவா, அது தனி இனம் இல்லை, மாங்கிஃபெரா இண்டிகாவின், அதாவது மாமரத்தின், பயிர்வகை. சாய்க்காமல் ஒற்றை மேற்கோளுக்குள் எழுது.

அந்த மூன்று செடியும் பூத்ததும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, பறித்த தேதி, இடம், பூவின் நிறம் எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு ஏறி வா. காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் நிறத்தை அன்றைக்கே எழுதிவிடு. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

உன் நண்பன்