கண்ணு, கூலியை முதலிலேயே சொல்லிவிடு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அம்மாவிடம் போனில் பேசியதைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஊஞ்சல் பலகைக்கு இரண்டு மாதம் உழைத்திருக்கிறாய். தேக்கின் மேல் யாரோ அடித்து வைத்த பெயின்டை மரம் தேயாமல் எடுத்து, சங்கிலியில் காணாமல் போன நான்கு பித்தளைக் கண்ணிகளைப் பழையதைப் பார்த்து வார்த்து வாங்கி, எல்லாம் முடிந்தபின் அவர்கள் "எவ்வளவு?" என்று கேட்டதும் "உங்களுக்குத் தோன்றுவதைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டாய். அவர்களுக்குத் தோன்றியது பத்தாயிரம். பித்தளைக்கே ஆறாயிரத்துக்கு மேல் போய்விட்டது என்று நீ சொன்னது காதில் விழுந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் எனக்கு நிதானமாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

பொள்ளாச்சி மாமா வீட்டுத் துப்பாக்கியை நான் சரிசெய்து கொடுத்தது உனக்குத் தெரியும். அதில் பணம் எப்படி வந்தது என்பது தெரியாது. அதைச் சொன்னால் உனக்கு உபயோகப்படும்.

மாமாவின் அப்பா காலமானபோது அந்தத் துப்பாக்கி சட்டப்படி கடையில் டெபாசிட்டுக்குப் போனது. லைசென்ஸ் மாமா பெயருக்கு மாறி வர வெகுநாள் ஆனது. வந்ததும் நேராக நம் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும், யார் வேண்டுமானாலும் கழற்றிவிட முடியாது. துணியைப் பிரித்ததும் எனக்கு மனசே கெட்டுவிட்டது. குழல் இரண்டின் மேலும் கறுப்பு எனாமல் பெயின்ட். திருகாணி ஒன்றின் தலைகூடச் சரியாக இல்லை, பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகித் திருகிக் கிழித்திருந்தார்கள். கட்டையில் தடிமனாக வார்னிஷ், கழுத்துப் பகுதியில் நீளமாக ஒரு விரிசல், அந்த விரிசலின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மாமா, "மாப்பிள்ளை, எங்க தாத்தாவோடது, புதுசு மாதிரி ஆக்கிக் கொடு. நீ பார்த்துச் செய், நான் பார்த்துச் செய்கிறேன்" என்றார்.

இதே வார்த்தையை 1998-இல் ஒருத்தர் என்னிடம் சொன்னார். பெரிய குடும்பம், யாரென்று எழுத வேண்டாம். நான்கு மாதம் அவர்கள் துப்பாக்கியோடு கிடந்தேன். பெரிய மனிதர்கள், நாமாக வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று இலை போட்டுச் சாப்பாடு, ஒரு பட்டு வேட்டி, முதுகில் தட்டி "கை இல்லை இது, கலை" என்று ஒரு பாராட்டு. அவ்வளவுதான். அந்த வருஷம் உன் ஸ்கூல் ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அம்மா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஆறு மாதம் வேப்பங்குச்சி செருகிய காதோடு நடந்தாள். அந்தக் காதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அதற்கப்புறம்தான் பில் புத்தகம் அச்சடித்தேன்.

அதனால் மாமாவிடம், "மச்சான், ஒரு வாரம் வைத்துவிட்டுப் போங்க, பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன்" என்றேன். அந்த வாரத்தில் வேலை எதுவும் செய்யவில்லை, பார்ப்பது மட்டும்தான். நீயும் இதைப் பழக்கமாக்கிக்கொள். பார்ப்பதும் வேலைதான், அதற்கும் நாள் கணக்கு உண்டு.

பார்க்கப் பார்க்க எவ்வளவு கிடைத்தது தெரியுமா! குழலைக் கட்டையிலிருந்து பிரித்து அடிப்பக்கத்துத் தட்டையான இடத்தைத் துடைத்தால் இங்கிலாந்தில் இருக்கிற பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரைகள் தெரிந்தன. மேலே கிரீடம், கீழே குறுக்காக இரண்டு செங்கோல், நடுவே பி.பி.சி. என்ற எழுத்துகள். இந்த முத்திரை 1904-க்கு முந்தியது. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'நாட் ஃபார் பால்' என்று குத்தியிருந்தது. குழலின் வாய் கொஞ்சம் குறுக்கிச் செய்யப்பட்டது, ஒற்றை உருண்டைக் குண்டு போடாதே என்று அதற்கு அர்த்தம். அதை 1875-இலிருந்து 1887 வரைதான் குத்தினார்கள். இரண்டு குழலையும் சேர்க்கும் மேல்பட்டியில் மதராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருந்தது, மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன அதே கடைதான். அந்தக் காலத்தில் துப்பாக்கியை பர்மிங்காமில் செய்வார்கள், விற்கிற கடையின் பெயரைப் பட்டியில் வெட்டி அனுப்புவார்கள். தாத்தா புதிதாக வாங்கியது என்று மாமா இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். தாத்தா பிறப்பதற்கு முன்பே அந்தத் துப்பாக்கி பிறந்துவிட்டது.

சின்ன வயதில் நீ பட்டறைக்கு வந்து, "12 போர்னா பன்னிரண்டு சண்டையாப்பா?" என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் துளை என்று அன்றைக்குக் களிமண்ணில் உருட்டிக் காட்டினேன். இதுவும் 12 போர்தான், குதிரை, அதாவது அடித்து வெடிக்க வைக்கிற சுத்தி, வெளியே நிற்கிற பழைய மாதிரி.

எனாமலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஓர் ஓரத்தில் மட்டும் எடுத்துப் பார்த்தேன். டமாஸ்கஸ் குழல், கண்ணு. இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக அடுக்கி, காய்ச்சி, கயிறு முறுக்குவதுபோல முறுக்கி, கம்பியின் மேல் சுற்றிச் சுற்றி அடித்து ஒன்றாக்கிய குழல். அதன் மேல் தண்ணீர் அலைபோல ஒரு கோலம் ஓடும். அதைப் போய்ப் பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

பிறகு உட்கார்ந்து மதிப்பீடு எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று தனித்தனியாகப் போட்டேன். மொத்தம் 26 நாள், நாளுக்கு 1,500, ஆக 39,000. சாமான் செலவு 4,600. கூட்டினால் 43,600, அதில் பாதி முன்பணம். கீழே மூன்று வரி. புதிதாக ஏதாவது பழுது தெரிந்தால் தொடுவதற்கு முன் கேட்பேன். இந்தத் துப்பாக்கி சுடுவதற்காகச் சரிசெய்யப்படவில்லை. மீதிப் பணம் பொருளை எடுக்கும் அன்று. மாமா வந்து படித்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நமக்குள்ளே போய் இதெல்லாம்" என்றார். "நமக்குள்ளே என்பதால்தான் மச்சான், பின்னாடி ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு மனக்குறை வரக்கூடாது" என்றேன். கையெழுத்துப் போட்டு 21,800 கொடுத்துவிட்டுப் போனார்.

சுடக்கூடாது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். நோம்பிக்கு, அதான் ஊர்த் திருவிழாவுக்கு, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தக் குழலைச் சோதித்துப் பார்த்தது அந்தக் காலத்துக் கருமருந்துக்கு. இன்றைய தோட்டாவின் மருந்து வேறு, அதன் வேகமும் அழுத்தமும் வேறு. இன்னொன்று, இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர், இதில் தோட்டா உட்காரும் அறை 65. நுழையாது என்றால்கூடப் பரவாயில்லை, சுளுவாக நுழைந்துவிடும், ஆபத்தே அதுதான். மடித்திருக்கிற தோட்டாவின் வாய் வெடிக்கும்போது விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். "ஐயாயிரம் சேர்த்து வாங்கிக்கோ, ஒரே ஒரு வெடி" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் இடது கை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே அந்தக் குழல் இருக்கும், கண்ணு.

வேலையை ஆரம்பித்து மூன்றாம் நாள் புதுப் பழுது ஒன்று தெரிந்தது. குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் கோயில் மணிபோல நீளமாக ஒலிக்க வேண்டும். இது 'தொப்' என்றது. குழல்களைக் கீழே சேர்க்கும் கீழ்ப்பட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டிய ஒட்டு, விட்டிருந்தது. உடனே மாமாவுக்குப் போன் செய்து, நான்கு நாள் கூடும், ஆறாயிரம் ஆகும், செய்யவா வேண்டாமா என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை, மாமாவின் அம்மா, போனை வாங்கினார். எண்பத்து நான்கு வயது, குரல் நடுங்குகிறது. "மாப்பிள்ளை, அந்தச் செம்புக் கம்பியைத் தூக்கிப் போட்டுடாதே. வண்டியிலிருந்து விழுந்து கட்டை உடைஞ்ச அன்னிக்கு உங்க மாமா திண்ணையில் உட்கார்ந்து சுத்தினது" என்றார், காலமான தன் கணவரை நினைத்து. நான் அதற்கு முந்தின நாள்தான் கம்பியைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். போனை வைத்ததும் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

வேலையைப் பற்றி உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்! கட்டையிலிருந்து வார்னிஷை எடுத்தபின் உள்ளே வருஷக்கணக்காக ஊறிய எண்ணெயை வெளியே இழுக்க சாக்பவுடரைக் குழைத்துப் பூசி வெயிலில் வைத்தேன், காய்ந்ததும் அது காப்பி நிறமாக மாறியிருக்கும், சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். ஏழு தடவை. பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தொட்டால் நசுங்கிய மரம் ஆவியில் உப்பி எழுந்துகொள்ளும். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால் பத்து நிமிஷ வேலைதான், ஆனால் கட்டை இளைத்து இரும்புப் பாகம் துருத்திக்கொண்டு நிற்கும். நீ ஊஞ்சல் பலகையில் உப்புத்தாள் போடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயே, அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அப்புறம் ஆளி விதை எண்ணெய், ஒரு நாளைக்கு நான்கே சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து.

குழலுக்கு நிறம் ஏற்றுவதுதான் பெரிய பாடு. இப்போது கடைகளில் சூடான காரத் தொட்டியில் முக்கி ஒரே மணி நேரத்தில் கறுப்பாக்குகிறார்கள். பழைய இரட்டைக் குழலை அதில் போட்டால் பட்டியைப் பிடித்திருக்கும் பற்றாசைக் காரம் அரித்துவிடும், பட்டி தனியாகக் கழன்று வரும். அதனால் பழைய முறைதான். மருந்தை மெல்லிசாகத் தடவி, ஈரக் காற்றில் தொங்கவிட்டு, துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் முக்கி, மெல்லிய கம்பிப் புருசால் துருவைத் துடைத்து, மறுபடி தடவ வேண்டும். விரல் ரேகை பட்டால்கூட அந்த இடம் திட்டாக நின்றுவிடும். அம்மா குளியலறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு பதினைந்து நாள் பக்கத்து வீட்டில் குளித்தாள். ஒன்பதாவது தடவை துடைத்தபோது கோலம் முழுதாக எழுந்து வந்தது, கறுப்பும் வெள்ளையுமாக, குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

விரிசலை உள்ளிருந்து ஒட்டியாகிவிட்டது, கம்பிக்கு அவசியமே இல்லை. இருந்தாலும் அதே கம்பியை, மரத்தில் பதிந்திருந்த அதே தடத்தில், சுற்றுக்குச் சுற்று எண்ணித் திரும்பச் சுற்றினேன். அரை நாள் ஆனது. அதை பில்லில் போடவில்லை. அத்தைக்காக நானாக நினைத்துச் செய்தது அது. நீயும் எதையாவது இனாமாகக் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடு, ஆனால் நீயாக நினைத்துக் கொடு. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, அதை இனாம் என்று உன் மனசுக்குச் சொல்லிக்கொள்ளாதே.

கொடுக்கப் போன அன்று அவர்கள் வீட்டில் வெற்றிலைத் தட்டில் வேட்டி, சட்டை, பத்தாயிரத்து ஒரு ரூபாய் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில். பில்லில் பாக்கி 27,800. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான். தட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, "மச்சான், வேட்டியை மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். பணத்தை பாக்கியில் கழித்துக்கொள்கிறேன், இன்னும் 17,799 வரவேண்டும்" என்று சொல்லி, அவர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். கூடத்தில் யாரும் பேசவில்லை. அவர் தாளைப் படித்தார், உள்ளே போனார், எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. அத்தை மட்டும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் மாமா போன் செய்யவில்லை. தீபாவளிக்குச் செய்தார், எப்போதும்போல அரை மணி நேரம் பேசினார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுக்காதே, கோபமாகவும் எழுதாதே. பித்தளை பில்லை வை, நாள் கணக்கைப் போடு, உன் நாளுக்கு என்ன கூலி என்று நீயே தீர்மானி, என்னைவிடக் குறைவாகப் போடாதே. நாள் கணக்கை முதலிலேயே எழுதிக் கொடுக்காதது என் தவறு, மீதியை இரண்டு தவணையில் கொடுத்தாலும் சரி என்று எழுது. முழுதும் வராமல் போகலாம், பாதி வரலாம். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அடுத்த வாரம் அந்தச் செட்டிநாட்டுக் கதவு வருகிறது என்றாயே, அதில் கை வைப்பதற்கு முன் தாளில் கையெழுத்து வாங்கிவிடு, முன்பணத்தையும் வாங்கிவிடு.

மாமாவுக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பெயரை மறைத்துவிட்டு அப்படியே உன் வேலைக்கு மாற்றிக்கொள். மெல்லிய கம்பிப் புருசு இரண்டு கூரியரில் வருகிறது, பித்தளைக்கு வேண்டாம், கதவின் இரும்புக் குமிழுக்கு ஆகும். அவர்களுக்கு எழுதி அனுப்பியதும் அம்மாவுக்கு ஒரு போன் போடு, நேற்றிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்புடன்,
அப்பா