படுவான்கரையில் எங்கள் குதிரைகளுக்கு வழிவிட்டவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும், தூர இருந்து கைகொடுத்தவர்களுக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நம் படுவான்கரையில், நாலு குதிரைகளோடு சவாரித் தொழில் தொடங்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நேரில் நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் எல்லாரும் அறிய ஒருமுறை சொல்லாவிட்டால் மனம் ஆறாது.

நுவரெலியாவிலிருந்து பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடி வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துக் குதிரைகளை லொறியில் கொண்டுவந்த அண்ணனுக்கு முதல் நன்றி. 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் வளர்ந்த மிருகங்கள் நம் வெயிலுக்குப் பழகும்வரை இரண்டு மாதம் யாரையும் ஏற்றவில்லை. வருமானமும் இல்லை. தவிடும் பிண்ணாக்கும் கடனுக்குத் தந்த சந்திக் கடை மாமி ஒருநாளும் கொப்பியைத் திறந்து காட்டவில்லை.

மூன்றாம் மாதம் சிவலைக் குதிரைக்கு வயிறு கட்டிக்கொண்டது. மாட்டுக்குப் போடுவதுபோல வைக்கோலை அள்ளிப் போட்டது என் பிழை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே அடைத்தால் அடைத்ததுதான். நிலத்தைக் காலால் விறாண்டுவதும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பதும், விழுந்து புரளுவதுமாக அது பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த மிருக வைத்தியர் ஐயா, பேராதனையில் தன்னோடு படித்த ஒருவரை எழுப்பிப் போனில் கேட்டுக் கேட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். ஊசி போட்ட பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அயல்வீட்டுப் பெடியள் முறைவைத்து அதை நடத்திக்கொண்டே இருந்தார்கள். விடியப்புறம் நாலு மணிக்கு அது சாணம் போட்டபோது எல்லாரும் சேர்ந்து கூச்சல் போட்டதை மறக்க முடியுமா? ஐயா, அந்தக் குதிரை இருப்பது உங்களால்.

வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை அப்பாவுக்கு நான் பட்ட கடன் வேறு மாதிரி. முதல் நாளே குதிரையை வயலுக்குள் இறக்கி வரம்பை உடைத்துவிட்டேன். அவர் ஏசவில்லை. "மகள், வேளாண்மை நிற்கிற காலத்தில் வாய்க்கால் ரோட்டால் போ. வெட்டி முடிந்த பிறகு வட்டைக்குள்ளே இறங்கு" என்றார். பிறகு தானே ஒவ்வொரு காணிக்காரரிடமும் என்னைக் கூட்டிப்போய்ப் பேசினார். உன்னிச்சைக் குளத்துப் பக்கம் நாங்கள் இன்று போகிற பாதை முழுக்க அந்த மனிதர்களின் சம்மதத்தால் கிடைத்தது.

யானை விஷயத்தில், மாட்டுப் பட்டி வைத்திருக்கும் பட்டிக்கார அண்ணன்தான் எங்களுக்கு வாத்தியார். லத்தி எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது, முறிந்த கிளையில் பால் காய்ந்ததா இல்லையா என்று பார்க்கப் பழக்கினார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டோரம் போவதில்லை என்பது அவர் போட்ட சட்டம். ஒரு வெளிநாட்டுக் குழு எவ்வளவு காசு தருவதாகச் சொல்லியும் நான் அதை மீறவில்லை.

ஏறாவூரில் குஷன் வேலை செய்யும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் அண்ணன், அறுந்துபோன சேணக் கச்சையை இரட்டைத் தையல் போட்டுத் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். நெல் வியாபாரி ஐயா பழைய தராசைத் தந்தார். 350 கிலோக் குதிரைக்கு ஆளும் சேணமும் சேர்த்து 70 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆகவே அந்தத் தராசில் ஏறாமல் எவரும் எங்களிடம் குதிரை ஏற முடியாது. பிரதேச சபையில் படிவம் நிரப்ப உதவிய தங்கச்சிக்கும், கொட்டிலுக்குக் கிடுகு பின்னித் தந்த பெத்தாமாருக்கும் நன்றி.

மாரி தொடங்கப் போகிறது. தை முடியும் வரை குதிரைகளுக்கு ஓய்வு. வெட்டு முடிந்ததும் வட்டைக்குள் முதல் சவாரி நம்மூர்ப் பிள்ளைகளுக்குத்தான், காசில்லாமல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அனுப்பிவிடுங்கள். தொப்பி மட்டும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் குதிரைக்காரப் பிள்ளை