குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டு நம்மை அதிகம் வேலை வாங்கிய விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்: வெள்ளமோ தீயோ வந்தால் எல்லோரும் எப்படி வெளியேறுவது?

முதல் ஒத்திகை தோல்வி. மழுப்பாமல் அப்படியே எழுத வேண்டும் என்று செயற்குழுவில் நானே கேட்டுக்கொண்டேன். மணி அடித்ததும் வீட்டுக்கு ஒரு கார், சில வீடுகளில் இரண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன. வழியை அடைத்து நின்ற முதல் கார் என்னுடையது. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு, எடுக்க உள்ளே ஓடியிருந்தேன். அன்று சிரித்தவர்கள் இன்றும் சிரிக்கலாம்.

ஆனால் வெளியேறும் பயணமே உயிரை வாங்கியதும் உண்டு. 2005இல் ரீட்டா சூறாவளிக்குப் பயந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கிளம்பி, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வெயிலில் சிக்கினார்கள். முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயல் அப்போது கரையையே கடக்கவில்லை. சக்கர பேரிங்கில் மசகு போதாமல் சூடேறியதில் பற்றிய தீ அது. 2016இல் கனடாவின் ஃபோர்ட் மெக்மர்ரி காட்டுத்தீயில் 80,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். தீயில் நேரடியாக யாரும் சாகவில்லை, போகும் வழியில் நடந்த சாலை விபத்தில் இருவர் இறந்தார்கள்.

அதனால் இரண்டாவது ஒத்திகைக்கு வண்டிகளைக் குறைத்தோம். வீட்டுக்கு ஒரு கார் மட்டும், முகப்பு வாசலைப் பார்த்தபடி, பாதி டேங்க் எரிபொருளுடன். தாழ்வான பிளாக் முதலில், மேட்டில் இருப்பவர்கள் கடைசியில். மேட்டு வீட்டுக்காரர்கள் சிலருக்கு இதில் வருத்தம். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது, 5 மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளும் பள்ளி செல்லாத குழந்தைகளும் மட்டும் வெளியேறினால் நல்லது என்றார்கள். சில ஆயிரம் பேருக்குச் சொன்னது. கிளம்பியது ஒரு லட்சத்துக்கும் மேல். போகத் தேவையில்லாதவர்கள் சாலையை நிரப்பினால், போயே ஆக வேண்டியவர் பின்னால் மாட்டிக்கொள்வார். வருத்தப்பட்டவர்களிடம் இதைச் சொன்னேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

சுரங்கப்பாதை வழியை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டோம். குறுக்கு வழிதான், ஆனால் ஓர் அடித் தண்ணீரே சிறிய காரை மிதக்க விடும். இரண்டு அடி வந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். "என் வண்டி உயரமானது" என்று வாதிட்ட நண்பருக்கும் இதே பதில்தான்.

சரி, வண்டியே இல்லாதவர்கள்? நேர்மையாகச் சொன்னால், எங்கள் முதல் திட்டத்தில் அவர்கள் இல்லவே இல்லை. இப்போது தனிப் பட்டியல் இருக்கிறது: நடக்க முடியாதவர், ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பவர், பகலில் தனியாக இருக்கும் முதியவர். இரண்டாவது ஒத்திகையில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் அம்மாவை வேனில் ஏற்ற நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. சாய்தளப் பலகை இப்போது தயார். அந்த வேனின் பிரேக், டயர், பேரிங் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுகிறோம்.

நாங்கள் யோசிக்காத கேள்வியை ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: "நான் உங்களைக் கூட்டிட்டுப் போறப்போ என் வீட்டுக்காரங்கள யார் கூட்டிட்டுப் போவாங்க?" ஓட்டுநர்களின் குடும்பத்துக்கு முதல் நடையிலேயே இடம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தர வேண்டும்.

அப்புறம், படிவம் தராத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த ஒத்திகை இரவில், தேதி சொல்லாமல் நடக்கும். அதற்குள் பட்டியலை முடிக்க வேண்டும் என்பதால் படிவங்களை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

செயலாளர்